ரொட்டியில் தூவும் பட்டைச் சர்க்கரை: "இது எந்தப் பட்டை?" என்று கேட்டால் நம் பதில் என்ன?

பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "சாப்பிட என்ன இருக்கிறது?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் தரும் பொறுப்பில் தாய்க்கு அடுத்த இடம் தெருமுனை மளிகைக் கடைக்கு உண்டு. முறுக்கு, கடலை மிட்டாய், பொரி உருண்டை, ரஸ்க், பிஸ்கட் என்று நாம் தலைமுறை தலைமுறையாக அந்தப் பதிலைக் கொடுத்து வருகிறோம். இப்போது அந்த வரிசையில் ஒரு புதுப் பலகாரமும் சேர்ந்து வருகிறது. அதுதான் பட்டைச் சர்க்கரை தூவிய ரொட்டி.

மேலை நாட்டு வீடுகளில் இது மிகப் பழைய சிற்றுண்டி. சுட்ட ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவி, சர்க்கரையும் பட்டைப் பொடியும் கலந்து தூவினால் வேலை முடிந்தது. இதற்கு வேண்டிய நான்கு சரக்கும் நம் கடையிலேயே உள்ளன. ரொட்டியின் தேதியைப் பார்த்து விற்கிறோம். வெண்ணெயைக் குளிர்பெட்டியில் வைத்துக் காக்கிறோம். சர்க்கரையில் மணி எது, தூள் எது என்று கையில் எடுத்தாலே சொல்லிவிடுகிறோம். ஆனால் நான்காவது சரக்கான பட்டையைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெளிவாகத் தெரியும்? "இது எந்தப் பட்டை?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டால், "பட்டைதான், வேறென்ன?" என்று சொல்லிப் பொட்டலம் கட்டுவோர்தான் நம்மில் அதிகம்.

குழம்புக்கும் பிரியாணிக்கும் ஒரு துண்டு போட்ட காலத்தில் அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. பொடியாகவே குழந்தை நாக்கில் படும் காலத்தில் அது போதாது. இந்தக் கட்டுரையின் நோக்கம் அதை விளக்குவதுதான்.

செய்முறை

நாலு தேக்கரண்டி சர்க்கரைக்கு ஒரு தேக்கரண்டி பட்டைப் பொடி என்பது வழக்கமான அளவு. காரம் குறைவாக வேண்டும் என்றால் ஐந்துக்கு ஒன்று. இரண்டையும் ஈரமில்லாத பாட்டிலில் போட்டுக் குலுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். தோசைக்கல்லை மிதமாகக் காய வைத்து, ரொட்டித் துண்டை இரு பக்கமும் பொன்னிறமாகச் சுட வேண்டும். சூடு ஆறுமுன் வெண்ணெய் தடவி, கலவையில் ஒரு தேக்கரண்டி எடுத்து ஓரம் வரை சமமாகத் தூவ வேண்டும். வெண்ணெய் உருகிச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். மேல் பக்கம் மொறுமொறுப்பாக வேண்டுவோர், தூவிய பக்கத்தை மறுபடி கல்லில் அரை நிமிடம் கவிழ்த்து எடுக்கலாம். அதற்கு மேல் விட்டால் சர்க்கரை கருகிக் கசக்கும்.

வெண்ணெய்க்குப் பதில் வெறும் ரொட்டியில் தூவினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பட்டையின் வாசனைக்குக் காரணமான எண்ணெய்ச் சத்து தண்ணீரில் அதிகம் கரையாது, கொழுப்பில் நன்றாகக் கரையும். வெண்ணெயோ நெய்யோ இருந்தால்தான் மணம் முழுமையாக நாக்கில் ஏறும். நாம் தாளிக்கும்போது முதலில் எண்ணெயில் பட்டையைப் போடுவதும் இதே காரணத்தால்தான். நம் பாட்டிமார் காரணம் சொல்லாமல் செய்ததை இங்கே காரணத்தோடு சொல்கிறோம், அவ்வளவே.

சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரையும் சேரும். பட்டையும் நாட்டுச் சர்க்கரையும் ஒன்றுக்கொன்று பொருந்தும் சுவைகள். ஆனால் நாட்டுச் சர்க்கரை காற்றில் ஈரம் இழுக்கும். ஆகவே அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் கலப்பது நல்லது.

இலங்கைக் காட்டிலிருந்து உலக அடுப்பங்கரைக்கு

சுட்ட ரொட்டியில் பட்டையும் சர்க்கரையும் சேர்க்கும் வழக்கம் இன்று நேற்று வந்ததன்று. ராபர்ட் மே என்ற ஆங்கிலச் சமையற்காரர் 1660-ல் வெளியிட்ட சமையல் நூலிலேயே இதற்குக் குறிப்பு இருக்கிறது. மெல்லிய ரொட்டித் துண்டுகளைச் சுட்டு, இடித்த பட்டையும் சர்க்கரையும் சேர்த்து, கொஞ்சம் திராட்சை மதுவும் விட்டுச் சூடாகப் பரிமாறும்படி அவர் எழுதியிருக்கிறார். அக்காலத்தில் அங்கே பட்டையும் சர்க்கரையும் கடல் கடந்து வந்த விலையுயர்ந்த சரக்குகள். பணக்காரர் வீட்டு மேசைக்குத்தான் அவை போயின.

அந்தப் பட்டை நமக்குப் பக்கத்து இலங்கையிலிருந்து போனது. ஈழத் தமிழர் இதைக் 'கறுவா' என்பார்கள். கொழும்பில் 'கறுவாத்தோட்டம்' என்ற பெயரில் இன்றும் ஒரு பகுதி இருக்கிறது. 1505-ல் போர்த்துக்கீசியர் இலங்கைக்கு வந்தனர். அவர்கள் அங்கே கால் ஊன்றி நின்றதற்குக் கறுவா ஒரு முக்கிய காரணம். 1656-ல் டச்சுக்காரர்கள் கொழும்பைப் பிடித்து, கறுவா வாணிபத்தைத் தங்கள் முற்றுரிமை ஆக்கிக்கொண்டார்கள். காட்டில் தானாக வளர்ந்த மரங்களிலிருந்து உரித்து வந்த பட்டையை, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோட்டப் பயிராக வளர்க்கத் தொடங்கியதும் அவர்கள்தான். பட்டை உரிக்கும் வேலை சலாகம என்ற சிங்களச் சமூகத்தார் மீது கட்டாயக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. 1796-ல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1833-ல் கறுவா மீதான அரசு முற்றுரிமை நீக்கப்பட்டது. ஒரே ஒரு சரக்கைக் கையில் வைத்துக்கொள்ள மூன்று வல்லரசுகள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முட்டி மோதின என்றால், நம் அலமாரி மூலையில் இருக்கும் டப்பாவின் பெருமை புரியும்.

சரக்கு போன வழியெல்லாம் பலகாரமும் போனது. டச்சுக்காரர்கள் 1652-ல் குடியேறிய தென்னாப்பிரிக்க முனையில், மெல்லிய மைதா தோசை போன்ற ஒரு பண்டத்தில் பட்டைச் சர்க்கரை தூவிச் சுருட்டித் தின்னும் வழக்கம் இன்றும் இருக்கிறது. போர்த்துக்கல்லில் முட்டைப் பாலேடு நிரப்பிய சிறு பலகாரத்தின் மேல் பட்டைப் பொடி தூவுகிறார்கள். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில், பிழிந்து பொரித்த நீள மாவுப் பண்டத்தைச் சூடாகவே பட்டைச் சர்க்கரையில் புரட்டுகிறார்கள். மெக்சிகோ நாட்டவர் காபியிலும் சாக்லேட்டிலும் பட்டை போடுவார்கள். இலங்கைக் கறுவாவை நெடுங்காலமாக அதிகம் வாங்கும் நாடுகளில் மெக்சிகோ முன்னணியில் இருக்கிறது. கறுவாத் தரங்களில் ஒன்றுக்கு 'மெக்சிகன்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இது சாதாரண வீட்டுக் குழந்தைகளின் காலைச் சிற்றுண்டி ஆனது. 1984-ல் அங்கே ஒரு பெரிய நிறுவனம் இந்தச் சுவையையே சிறு சிறு சதுரங்களாக்கி, பாலில் போட்டுச் சாப்பிடும் தானிய உணவாகப் பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது. தாய் ஒரு நிமிடத்தில் செய்ததை ஆலை செய்து, பல மடங்கு விலைக்கு விற்றது. பெட்டியை விற்றால் கடைக்காரருக்குக் கிடைப்பது கமிஷன் மட்டும். ரொட்டி, வெண்ணெய், சர்க்கரை, பட்டை என்று பிரித்து விற்றால் நான்கு சரக்கிலும் லாபம் உண்டு. வாங்குபவருக்கும் செலவு குறைவு. வீட்டுப் பலகாரம் வளர்ந்தால் மளிகைக் கடையும் வளரும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

ஒரே பெயரில் இரண்டு சரக்கு

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நம் கடைகளில் 'பட்டை' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் புழங்குகின்றன. இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள்தாம். ஆனால் குணம் வேறு, விலை வேறு.

முதலாவது இலங்கைக் கறுவா. நம் சந்தையில் இதைச் சுருள் பட்டை, சிலோன் பட்டை என்கிறோம். இளங்கிளைகளை வெட்டி, மேல்தோலைச் சுரண்டி நீக்கி, பித்தளைக் கம்பியால் தேய்த்து, உள்பட்டையை மட்டும் உரிக்கிறார்கள். மெல்லிய பல அடுக்குகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, சுமார் மூன்றரை அடி நீளக் குழலாக்கி நிழலில் உலர்த்துகிறார்கள். முழுவதும் கை வேலை. மிக மெல்லிய குழலுக்கு 'ஆல்பா' என்று பெயர். அதன் விட்டம் 6 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. தரம் இறங்க இறங்கக் குழல் தடிக்கும். 2022 பிப்ரவரியில் 'சிலோன் சின்னமன்' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது.

இரண்டாவது 'காசியா' எனப்படும் பட்டை. சீனா, வியட்நாம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிறது. நம் பிரியாணிக் கடைகளில் வேகும் பட்டை பெரும்பாலும் இதுவே. விலையில் இலங்கைச் சரக்கை விடப் பல மடங்கு மலிவு.

பிரித்தறிவது கடினமில்லை. சுருள் பட்டையைக் குறுக்கே ஒடித்துப் பாருங்கள். சுருட்டுப் போல உள்ளே பல அடுக்குகள் தெரியும். தாள் போல மெல்லியது, விரலால் நசுக்கினாலே நொறுங்கும். வெளிர் பழுப்பு நிறம். வாயில் போட்டால் மென்மையான இனிப்பும், கிராம்பின் சாயல் கொண்ட மணமும் வரும். காசியா தடித்த ஒற்றைத் தோல். தட்டையாக இருக்கும், அல்லது இரு ஓரமும் உள்நோக்கிச் சுருண்டிருக்கும். செம்பழுப்பு நிறம். கையால் ஒடிக்க வலு வேண்டும். வாயில் போட்டால் சுருக்கென்ற காரம் ஏறும்.

இவ்வளவும் முழுப் பட்டையாக இருக்கும் வரைதான். பொடியாகிவிட்டால் கண்ணால் பார்த்துப் பிரிப்பது அனுபவசாலிக்கும் இயலாது. ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும்.

காசியாவைக் கெட்ட சரக்கு என்று நாம் சொல்லவில்லை. மசாலாவுக்கும் இறைச்சிக் குழம்புக்கும் அதன் காரமே பொருத்தம் என்று சொல்லும் சமையற்காரர்கள் பலர். ஒன்றின் பெயரில் மற்றொன்றை விற்பதுதான் தவறு. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் (2011) இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயரும் தனித்தனித் தர அளவும் வகுத்திருக்கின்றன. ஓர் உணவுப் பொருளை வேறொன்றின் பெயரில் விற்பது, 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி தவறான பெயரிடல். அதற்கு மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

குழந்தையின் தட்டில் எந்தப் பட்டை?

காசியாவில் 'கூமரின்' என்ற ஓர் இயற்கைப் பொருள் கணிசமாக உள்ளது. இலங்கைக் கறுவாவில் அது மிக மிகச் சிறிதளவே உண்டு. கூமரினை அதிக அளவில் தொடர்ந்து உட்கொண்டால், அதைத் தாங்காத உடல்வாகு உள்ளவர்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்பது அறிவியலாளர் கண்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று அன்றாட அளவை வகுத்திருக்கிறது.

இதை நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைய அளவு 1.5 மில்லிகிராம் கூமரின். காசியாப் பொடியில் கூமரின் சரக்குக்குச் சரக்கு மாறும். சராசரியாகக் கிலோவுக்குச் சுமார் 3 கிராம் என்று வைத்து ஜெர்மனியின் அரசு ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. அப்படியானால் அரை கிராம் காசியாப் பொடியே அந்தக் குழந்தையின் ஒரு நாள் அளவு. மேலே சொன்ன நாலுக்கு ஒன்று கலவையில் ஒரு தேக்கரண்டி எடுத்தால், அதில் பட்டைப் பொடி ஏறத்தாழ அரை கிராம் இருக்கும். அதாவது, காசியாவால் செய்த ஒரே ஒரு ரொட்டித் துண்டு, நாலு வயதுப் பிள்ளையின் ஒரு நாள் கணக்கை நிரப்பிவிடுகிறது.

இதைக் கேட்டு யாரும் பதற வேண்டாம். எப்போதாவது ஒரு நாள் அளவு மிஞ்சினால் ஆபத்து என்று யாரும் சொல்லவில்லை. பிரியாணியில் போட்டு எடுத்தெறியும் துண்டுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. தினந்தோறும், பொடியாக, விழுங்கும்போதுதான் கணக்குப் பார்க்க வேண்டும். தினமும் செய்து தரும் வீட்டுக்குச் சுருள் பட்டையே ஏற்றது.

இதே காரணத்தால் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு கூட்டமும் உண்டு. சர்க்கரை நோய்க்கு நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு, தினமும் காலையில் ஒரு தேக்கரண்டி பட்டைப் பொடியை வெந்நீரில் கலந்து குடிப்பவர்கள் ஊருக்கு ஊர் பெருகிவிட்டார்கள். ஒரு தேக்கரண்டிப் பொடி இரண்டரை கிராமுக்குக் குறையாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு மேற்படி கணக்கின்படி ஒரு நாளைக்குக் காசியா இரண்டு கிராம்தான். இவர்கள் மாதக்கணக்கில் குடிக்கிறார்கள். வாங்குவதோ மலிவான பொடி. நாம் வைத்தியர்கள் அல்ல. மருத்துவம் சொல்லவும் கூடாது. ஆனால், "இது காசியா. தினமும் சாப்பிடுவதானால் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

வெளிநாடுகளில் இந்தப் பிரச்சினை வியாபாரிகளை எப்படிப் பாதித்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2006-ல் ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் காலத்துப் பட்டை நட்சத்திர பிஸ்கட்டுகளில் கூமரின் அதிகம் என்று தெரிந்து பெரும் சலசலப்பு எழுந்தது. 2008-ல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய அளவுகள் வகுத்தது. பட்டையின் பெயரோடு வரும் மரபுவழி, பண்டிகைக்கால ரொட்டி வகைகளுக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம். மற்ற இனிப்பு ரொட்டி வகைகளுக்கு 15 மில்லிகிராம். 2013 இறுதியில் டென்மார்க்கில் அதிகாரிகள் சோதனை செய்தபோது, அந்நாட்டு மக்கள் மிகவும் விரும்பும் பட்டைச் சுருள் ரொட்டி பலவற்றில் 15-ஐத் தாண்டியிருந்தது. பேக்கரிக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து குரல் எழுப்பினார்கள். எங்கள் சுருள் ரொட்டி மரபுப் பண்டம், அதற்கு 50 அளவே பொருந்தும் என்று வாதாடினார்கள். 2014-ல் அவர்கள் வாதம் ஏற்கப்பட்டது. சரக்கின் குணத்தை அறிந்திருந்ததால்தான் அவர்களால் கணக்கோடு பேச முடிந்தது.

பொடியில் இருக்கும் ஆபத்து

இன்னொரு பாடம் 2023-ல் அமெரிக்காவிலிருந்து வந்தது. குழந்தைகளுக்கான, பட்டை கலந்த ஆப்பிள் கூழ்ப் பைகளில் ஈயம் இருப்பது அந்த ஆண்டு இறுதியில் தெரிய வந்தது. நானூறுக்கும் மேற்பட்ட பேர், பெரும்பாலும் சிறு குழந்தைகள், பாதிக்கப்பட்டதாகக் கணக்கெடுக்கப்பட்டது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. விசாரித்தபோது ஈயம் பட்டைப் பொடி வழியே வந்தது தெரிந்தது. நாம் குறித்துக்கொள்ள வேண்டியது இதுதான்: இலங்கையிலிருந்து போன முழுப் பட்டையைச் சோதித்தபோது அதில் ஈயம் இல்லை. ஈக்வடார் நாட்டில் அரைத்த பொடியில்தான் இருந்தது. நிறமும் எடையும் கூட்ட லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயப் பொருள் கலக்கப்பட்டிருக்கலாம் என்பது அதிகாரிகளின் கருத்து. 2024 மார்ச்சில், மலிவு விலைக் கடைகளில் விற்ற சில பட்டைப் பொடிகளிலும் ஈயம் இருப்பதாக அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

மஞ்சள் தூளில் இதே சாயத்தைக் கலக்கும் மோசடியை நாம் அறிவோம். பட்டை மர நிறத்துப் பொருள். மரத்தூளைக் கலந்தாலும் தெரியாது. ஆகவே முழுச் சரக்காக வாங்கி, நம் கண் முன்னால் அரைத்த பொடியே நம்பிக்கைக்கு உரியது. வாசனைக்கும் அதுவே நல்லது. காற்றுப் புகாமல் வைத்த முழுப் பட்டை இரண்டு ஆண்டுக்கு மேல் மணம் காக்கும். பொடியோ ஆறு மாதத்தில் சோர்ந்துவிடும்.

கூட வைத்து விற்க இன்னும் சில பலகாரங்கள்

பட்டைச் சர்க்கரை ஒரு பாட்டில் வீட்டில் இருந்தால் ரொட்டியோடு நின்றுவிடாது. வாடிக்கையாளர் கேட்டால் சொல்ல, எளிய சில வகைகளைத் தருகிறோம்.

பாம்பே டோஸ்ட்: பால், முட்டை, சர்க்கரை அடித்த கலவையில் ரொட்டியை நனைத்து நெய்யில் சுடுவது நமக்குப் பழக்கமானது. அந்தக் கலவையில் ஒரு சிட்டிகை பட்டைப் பொடி சேர்த்தால் முட்டை வாடை தெரியாது.

மைதாத் துக்கடா: காரத்துக்குப் பதிலாக, பொரித்த துக்கடாவைச் சூடாகவே பட்டைச் சர்க்கரையில் புரட்டலாம். தீபாவளிப் பலகாரத் தட்டில் இதற்குத் தனி இடம் கிடைக்கும். ஆறிய பின் டப்பாவில் அடைத்தால் ஒரு வாரம் தாங்கும்.

கோதுமைத் தோசைச் சுருள்: தென்னாப்பிரிக்க முறையை நம் கல்லுக்கு மாற்றியது. கோதுமை மாவைப் பாலில் கரைத்து மெல்லிசாக ஊற்றி, பட்டைச் சர்க்கரை தூவி, எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டுச் சுருட்ட வேண்டும்.

நேந்திரம் பழம்: வில்லைகளாக நறுக்கி நெய்யில் இருபுறமும் வதக்கி, மேலே தூவினால் ஐந்து நிமிடத்தில் விருந்தாளிக்கு இனிப்புத் தயார்.

மக்காச்சோளப் பொரி: பொரிந்த சூட்டிலேயே உருக்கிய வெண்ணெயும் பட்டைச் சர்க்கரையும் சேர்த்துக் குலுக்கிவிடலாம்.

இவை எல்லாமே இனிப்புகள் என்பதை மறக்கக் கூடாது. பட்டை சேர்ந்ததால் சர்க்கரை மருந்தாகிவிடாது. "உடம்புக்கு நல்லது" என்று சொல்லி இதை விற்க வேண்டாம். "வாய்க்கு நல்லது, அளவோடு கொடுங்கள்" என்று சொன்னால் போதும்.

கடையில் நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, கொள்முதலின்போதே கேளுங்கள். "பட்டை பத்து கிலோ" என்று ஆர்டர் சொல்லாமல், காசியா இவ்வளவு, சிலோன் சுருள் இவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்கள். பில்லிலும் அப்படியே பிரித்து எழுதி வாங்குங்கள். நாளை ஒரு அதிகாரி மாதிரி எடுத்தால் உங்கள் கையில் இருக்கும் சாட்சி அந்த பில்தான். மொத்த வியாபாரிகள் தாங்களாகவே இப்படிப் பிரித்து எழுதும் வழக்கத்தைத் தொடங்கினால் சங்கத்துக்கே பெருமை.

இரண்டாவது, இரண்டு டப்பா, இரண்டு பெயர்ச்சீட்டு, இரண்டு விலை. 'பட்டை – காசியா, மசாலாவுக்கு' என்று ஒன்று. 'சுருள் பட்டை – சிலோன், இனிப்புக்கும் பொடிக்கும்' என்று மற்றொன்று. விலை ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று வாடிக்கையாளர் கேட்பார். கேட்கட்டும். இரண்டையும் ஒடித்துக் காட்டுங்கள். அந்த அரை நிமிட விளக்கம் எந்த விளம்பரத்தையும் விட அதிகம் பேசும்.

மூன்றாவது, சுருள் பட்டையைச் சிறு அளவில் விற்றுப் பழக்குங்கள். நூறு கிராம் விலையைக் கேட்டு மலைப்பவர், பத்து கிராம் விலையைக் கேட்டால் வாங்குவார். பத்து கிராம் பட்டைக்கு, மேலே சொன்ன அளவில், ஏறத்தாழ இருபது ரொட்டித் துண்டு வரும். ஒரு துண்டுக்கு என்ன செலவு என்று கணக்கிட்டுச் சொன்னால் விலை பெரிதாகத் தெரியாது.

நான்காவது, அரைத்துக் கொடுப்பதானால் மிளகாய், மல்லி அரைத்த இயந்திரத்தில் அரைக்காதீர்கள். வாசனை கெடும், காரமும் ஏறும். சிறு மிக்சி ஒன்றைத் தனியாக ஒதுக்கி, கேட்கும்போது கேட்ட அளவு அரைத்துக் கொடுக்கலாம்.

ஐந்தாவது, பட்டைச் சர்க்கரையை நீங்களே கலந்து பாக்கெட் போட்டு விற்க நினைத்தால், உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ அதற்கும் சேர்த்து இருக்க வேண்டும். பாக்கெட்டில் பொருளின் பெயர், சேர்மானம், நிகர எடை, தேதி, விலை, தயாரித்தவர் முகவரி ஆகியவை இருக்க வேண்டும். சேர்மானத்தில் எந்தப் பட்டை என்று எழுதுங்கள். பெரிய நிறுவனப் பாக்கெட்டுகள் பலவற்றில் அந்த விவரம் இருக்காது. அதையே நம் பாக்கெட்டின் பலமாக ஆக்கிக்கொள்ளலாம்.

ஆறாவது, சந்தேகம் வந்தால் சோதித்துப் பாருங்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் ஆய்வுக்கூடங்கள் சென்னையிலும் தூத்துக்குடியிலும் உள்ளன. ஒரு கடைக்குச் செலவு அதிகமாகத் தோன்றினால், ஒரே மொத்த வியாபாரியிடம் வாங்கும் பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு மாதிரியை அனுப்பலாம். சங்கம் என்று ஒன்று இருப்பது இதற்கும்தானே?

"சரக்கு முறுக்கா, செட்டியார் முறுக்கா" என்று ஒரு பழமொழி உண்டு. சரக்கு நன்றாக இருந்தால் வியாபாரி நிமிர்ந்து நிற்கலாம் என்பதற்காக அதை இங்கே நினைவூட்டுகிறோம். பெரிய அங்காடிகளில் பட்டை கண்ணாடிப் பாட்டிலில் அழகாக இருக்கிறது. கைபேசியில் விரல் வைத்தால் வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் அங்கே எல்லாம், "என் பிள்ளைக்குத் தினமும் ரொட்டியில் தூவித் தர வேண்டும், எது வாங்கலாம்?" என்று கேட்க ஆள் இல்லை. அந்தக் கேள்வி நம் கல்லாவுக்கு முன்னால்தான் கேட்கப்படும். கேட்கும்போது, "சுருள் பட்டை வாங்குங்கள் அம்மா, அதுவும் பத்து கிராம் போதும்" என்று தெரிந்து சொல்லும் கடைக்காரரிடம்தான் அந்தத் தாய் அடுத்த மாதச் சாமான் சீட்டையும் கொடுப்பார்.